இருளாண்டி அண்ணனின் மணி

சென்னை
22.6.2008

அன்புள்ள மாரிசெல்வி அக்காவுக்கு,

தம்பி பாலகுரு எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லலாம் என்றால் நீ ஒரு ரூபாய் பூத்தில் நிற்பாய், பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள், பாதிப் பேச்சில் லைன் போய்விடும். மச்சானும் செல் வாங்க மாட்டேன் என்கிறார். "பகல் பூரா வெடிமருந்து ரூம்ல கெடக்கவனுக்குச் செல்லு எதுக்குலே?" என்று கேட்கிறவரிடம் நான் என்ன பேச முடியும்? அதனால்தான் கடிதம்.

நேற்று ஒரு பெரிய ஓட்டலில் எங்கள் தொழில்காரர்கள் கூட்டம். நெட்வொர்க்கிங் லஞ்ச் என்று பெயர். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் விசிட்டிங் கார்டு, வாயில் சிரிப்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு சோற்றை எதனால் சாப்பிடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் கார்டு கொடுத்தவர்களில் ஒருவர் கொஞ்ச நேரம் கழித்து அதன் முனையால் பல் குத்திக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தேன்.

அப்படி என்னதான் தொழில் என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். செல்போனுக்குள் போகிற பாட்டு, படம், ஜோக், ராசிபலன் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே கன்டென்ட் என்று சொல்வார்கள். எங்கள் கம்பெனி அதைச் செய்து செல்போன் கம்பெனிக்குக் கொடுக்கிறது. ஜனங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பி இறக்கிக்கொள்கிறார்கள். வருகிறதில் பெரிய பங்கு செல்போன் கம்பெனிக்கு, மிச்சம் எங்கள் எம்.டி.க்கு. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தவனுக்குச் சம்பளம் மட்டும்.

இதில் மாதத்துக்கு ஒரு டிரெண்ட் வேறு. பொங்கலுக்குச் சாமி படம் என்றார்கள். விழுந்து விழுந்து செய்து முடிப்பதற்குள் சாமியெல்லாம் போச்சு, ஜோக்தான் ஓடுகிறது என்றார்கள். ஜோக்கு யோசித்து யோசித்துச் சிரிப்பே மறந்து போனபிறகு, இப்போது ட்ரூ டோன். அதாவது நிஜச் சத்தத்தை அப்படியே ரிங்டோனாக்குவது. எவனோ ஒருவன் மேடையேறி ஒரு வார்த்தை சொல்கிறான், மறுநாள் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறோம்.

நேற்று அங்கே வந்திருந்த செல்போன் கம்பெனி மேனேஜர் என்னிடம் ஒன்று சொன்னார். வேறு யாரிடமும் இல்லாத ஒரு சத்தம் கொண்டுவா, தீபாவளி வரைக்கும் டாப் டென்னில் நின்றுவிட்டால் அதன்பிறகு உன் சொந்தப் பெயரிலேயே சப்ளையராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நாலு வருஷமாக இன்னொருத்தன் பெயரில் உழைக்கிறேன் அக்கா. எனக்கு இது கிடைத்தே ஆக வேண்டும்.

இங்கே எல்லோரும் பழைய சி.டி.யில் இருந்து சுட்ட சரவெடிச் சத்தத்தைப் போடுகிறார்கள். தகர டின்னில் கல்லைக் கொட்டினது மாதிரி இருக்கிறது. உங்கள் பட்டாசுக் கம்பெனியில் சாயங்காலம் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்களே, அதைப் பிடித்து அனுப்பு. சின்ன ரெக்கார்டர் ஒன்று பார்சலில் வருகிறது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும்.

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
6.7.2008

தம்பி பாலகுருவுக்கு,

உன் ரெக்கார்டர் வந்து சேர்ந்தது. என் நிம்மதி போய்ச் சேர்ந்தது.

கம்பெனி கேட்டுக்குள் செல்போனோ, பேட்டரி போட்ட எந்தச் சாமானோ கொண்டுபோகக் கூடாது என்பது உனக்கே தெரியும். தெரிந்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கு என்று எழுதுகிறாய். நான் போர்மேன் சங்கையா அண்ணனிடம் மூன்று நாள் கெஞ்சினேன். என் தம்பிக்கு வாழ்க்கைப் பிரச்சினை என்றேன். "வெடிச் சத்தத்துல என்னத்தா வாழ்க்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன். சிரித்துவிட்டுச் சரி என்றார். வேலிக்கு வெளியே, சாம்பிள் வெடிக்கிற பொட்டலில், அவர் சொல்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று கண்டிஷன்.

வாட்ச்மேன் இருளாண்டி அண்ணன் வழக்கம்போல வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை மூன்று தட்டுத் தட்டினார். உன் ரெக்கார்டர் அதையும் பிடித்திருக்கும். வெடிச் சத்தம் மட்டும் போதுமே, இன்றைக்கு ஒரு நாள் மணி இல்லாமல் வெடிக்கலாமா என்று நான் கேட்டுத்தான் பார்த்தேன். சங்கையா அண்ணனுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "ஏத்தா, மணி அடிக்காம வெடியப் போட்டா சுத்துப்பட்டுல உள்ள அம்புட்டுப் பொம்பளைகளும் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருவாக. நீயா பதில் சொல்லுவ?" என்றார். மணி கேட்டால் சாம்பிள், மணி கேட்காவிட்டால் விபத்து. இது தெரிந்துகொண்டே கேட்டது என் தப்பு.

சரம் முடிகிற நேரம் பார்த்து, என்னோடு வேலை பார்க்கிற வள்ளித்தாயின் ஆடு கத்தித் தொலைத்துவிட்டது. அந்த ஆட்டுக்கு எப்போதும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும், வள்ளித்தாயைப் போலவே. இன்னொரு சரம் கேட்க எனக்கு முகமில்லை. ஆட்டை நீ அங்கே ஏதாவது செய்துகொள்.

அப்புறம், நின்றுகொண்டு சாப்பிடாதே. உடம்பில் ஒட்டாது.

அக்கா


சென்னை
3.8.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சத்தத்தைக் கேட்டு ஆபீசே எழுந்து நின்றது. ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் காதுக்குள் விழுகிறது. எம்.டி. என் தோளைத் தட்டினார். தட்டின கையோடு டோனுக்குக் கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டார். அதற்கு நான் வாய் திறக்க முடியாது, சம்பளம் வாங்குகிறேனே.

இருபது நொடிக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. அதனால் முன்னால் இருந்த தேவையில்லாத சத்தத்தை வெட்டிவிட்டு, எடுத்ததும் வெடிக்கிற மாதிரி வைத்தேன். ஆட்டை விட்டுவைத்தேன். மார்க்கெட்டிங் ஆட்களுக்கு ஆடு ரொம்பப் பிடித்துவிட்டது. மண்வாசனை என்கிறார்கள். ஏ.சி. ரூமில் பிறந்து வளர்ந்தவர்கள்.

"சிவகாசி பிளாஸ்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்த முதல் வாரமே டாப் டென்னில் நுழைந்துவிட்டது. அந்த மேனேஜர் இப்போது என் போனை எடுக்கிறார். தீபாவளி வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். எல்லாம் உன்னால்தான். மச்சானிடமும் சொல்.

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
14.9.2008

பாலகுரு,

நடந்ததை எழுதுகிறேன். இடையில் திட்டினால் பொறுத்துக்கொள். முடியாவிட்டால் போ.

வியாழக்கிழமை மத்தியானம். சீசன் வேலை தலைக்கு மேல். நானும் வள்ளித்தாயும் எங்கள் ரூமில் திரி வைத்துக்கொண்டிருந்தோம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் படபடவென்று வெடித்தது. மணி இல்லை. முன்னால் ஒரு சத்தம், ஒரு எச்சரிக்கை, ஒன்றும் இல்லை.

கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஓடு என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது. அம்புட்டுப் பேரும் ஓடினோம். வாசல்படியில் வள்ளித்தாய் கால் இடறி விழுந்து, அவள் மேல் இரண்டு பேர் விழுந்து, அவள் வலது கை ஒடிந்துவிட்டது. அந்தக் கை ஒடிந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் நிற்கவில்லை. அவளைத் தாண்டி ஓடினேன். எழுதவே கூசுகிறது, தாண்டித்தான் ஓடினேன்.

எங்கே ஓடினேன் தெரியுமா? உன் மச்சான் வேலை செய்கிற கம்பெனிக்கு. வெட்ட வெளியில், செருப்பில்லாமல், கருவேல முள்ளுக்குள். புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். புகை தெரியவில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. போய்ப் பார்த்தால் அவர் மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன புள்ள, என்னாச்சு?" என்று கேட்டார். டீ கிளாசைப் பிடுங்கி எறிந்தேன்.

திரும்பி வந்தால் எங்கள் கம்பெனி வாசலில் பெரிய சண்டை. எங்கும் எதுவும் வெடிக்கவில்லையாம். வேன் டிரைவருடைய, பெரிய ஸ்பீக்கர் வைத்த சைனா செட்டுப் போன் அடித்ததாம். அவனை நாலு பேர் பிடித்துக்கொண்டு, "எங்கன, இன்னொருக்க அடிச்சுக் காட்டுலே" என்றார்கள். அடித்துக் காட்டினான். சரம் வெடித்து முடிந்தது. கடைசியில் ஒரு ஆடு கத்தியது.

வள்ளித்தாயை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வலியிலும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "மாரி, இது நம்ம ஆடுல்ல?" என்றாள்.

ஆட்டை விட்டுவைத்தாய். மணியை வெட்டிவிட்டாய். தேவையில்லாத சத்தம் என்று எழுதியிருந்தாயே, எது பாலகுரு தேவையில்லாதது? பட்டணத்துக்காரன் எவனாவது வெட்டியிருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடுவேன். நீ இந்தத் தெருவில் பிறந்தவன். சின்னப் பிள்ளையில் மணி கேட்டால் தொடர்ந்து விளையாடுவாய், மணி இல்லாமல் சத்தம் கேட்டால் அம்மாவைத் தேடி ஓடுவாய். இதற்கு பிளாஸ்ட் என்று பெயர் வைக்கும்போது எப்படி உன்னால் பக்கத்தில் நிற்க முடிந்தது?

அதை எடுத்துவிடு. இல்லையென்றால் மணியைத் திரும்ப வை.

மாரிசெல்வி


சென்னை
20.9.2008

அக்காவுக்கு,

வள்ளித்தாய் அக்கா கை ஒடிந்ததற்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் என்னவோ குண்டு வைத்தது மாதிரி எழுதியிருக்கிறாய். எவனோ ஒரு டிரைவர் சத்தத்தைக் கூட்டி வைத்ததற்கு நான் என்ன செய்வேன்?

முதலில் அந்த டோன் அங்கே எப்படி வந்தது? காசு கொடுத்து இறக்கியிருக்க மாட்டான். பஸ் ஸ்டாப்பில் புகழேந்தி மொபைல் கடை வைத்திருக்கிறானே, அவன் எல்லாப் பாட்டையும் திருட்டுத்தனமாக மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறான் என்று நீதான் சொன்னாய். இந்த மாதிரிப் பைரசியால்தான் எங்கள் தொழிலே நாறிக் கிடக்கிறது. அவனைப் போய்க் கேள்.

மணியைத் திரும்ப வை என்கிறாய். மொத்தம் இருபது நொடி. மணியே ஒன்பது நொடி ஓடுகிறது. தண்டவாளத்தைத் தட்டுகிற சத்தத்துக்கு எவன் காசு கொடுப்பான்? டாப் டென்னில் ஓடிக்கொண்டிருக்கிற டோனில் கை வைக்கக் கூடாது என்று செல்போன் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை என்று நினைக்காதே, கேட்டேன். மெயிலுக்குப் பதில் வரவே இரண்டு நாள் ஆனது.

தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கொள். இன்னும் ஒரு மாதம்தான். அதன்பிறகு என் பெயரில் வந்துவிடும், நீ சொன்னபடி மாற்றிவிடுகிறேன். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் நீயும் ஏன் என் கழுத்தைப் பிடிக்கிறாய்?

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
28.9.2008

பாலகுரு,

சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தது நான் என்று தங்கச்சாமி முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். அனுமதி கொடுத்த சங்கையா அண்ணனையும் எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழித்தார். சீசன் நேரத்தில் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உன்னிடம் நியாயம் கேட்பதற்காக எழுதவில்லை. நீ ஒரு மாதம் பொறு என்று எழுதியிருந்தாய். இங்கே பொம்பளைகள் ஒரு மாதம் எப்படிப் பொறுப்பது என்பதையும் எழுதியிருக்கலாம். இப்போது அந்த டோன் அரைவாசிப் போன்களில் இருக்கிறது. பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். அதைவிடப் பயம் இன்னொன்று. போன்தான் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும்போது நிஜமாகவே வெடித்துவிட்டால் என்ன செய்வோம்?

இதற்குப் பதில் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுதாதே.

மாரிசெல்வி


சென்னை
12.10.2008

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை இன்னொரு நெட்வொர்க்கிங் லஞ்ச். தீபாவளி சீசனில் என்ன ஓடுகிறது என்று பேசுவதற்காக. அந்த மேனேஜர் என்னை நாலு பேருக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாலு வருஷம் கார்டு கொடுத்துக்கொண்டு திரிந்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாருடைய போனோ அடித்தது. நம்முடைய டோன்.

இந்தச் சத்தத்தை நான் கம்ப்யூட்டரில் வைத்து நூறு முறை கேட்டிருப்பேன். ஹெட்போனில், துண்டு துண்டாக வெட்டி, முன்னும் பின்னும் ஓட்டி. ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எதிர்பாராமல் கேட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவிட்டேன். வழியில் ஒரு அம்மாள் மேல் குருமாவைக் கொட்டிவிட்டேன். கண்ணாடிக் கதவைத் திறந்து ரோட்டுக்கு வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில்.

உள்ளே எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். நான் ஏதோ விளம்பரத்துக்காக நடித்துக் காட்டினேன் என்று நினைத்துவிட்டார்கள். மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மணியைப் பற்றி, வள்ளித்தாய் அக்கா கையைப் பற்றி, உன் வேலையைப் பற்றி. பொறுமையாகக் கேட்டார். "சூப்பர் ஸ்டோரி பாலா, இதைப் பத்திரிகைக்குக் கொடுத்தா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார்.

மணியோடு சேர்த்து வேறொரு டோன் செய்தேன். மூன்று தட்டு, பிறகு சரம். எம்.டி.யிடம் காட்டினேன். ஓடுகிற குதிரைக்குக் காலை உடைக்கிறாயா என்று சத்தம் போட்டார். செல்போன் கம்பெனியிலும் முடியாது என்றுவிட்டார்கள்.

அதனால் சி.டி.யில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புகழேந்தியிடம் கொடு. பழையது யார் யார் போனில் இருக்கிறதோ அதை அழித்துவிட்டு இதை ஏற்றச் சொல். சும்மா ஏற்றச் சொல், காசு வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். திருட்டு என்று அவனைத் திட்டி எழுதியவனும் நான்தான். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
19.10.2008

தம்பி,

சி.டி. வந்தது. புகழேந்தி முதலில் முறைத்தான். "எக்கா, நல்லா ஓடுற டோனு. அத அழிச்சுப்புட்டுக் கோயில் மணியப் போடுன்னா எவன் கேப்பான்?" என்றான். உன் எம்.டி.க்கு இவன் தம்பியாக இருப்பான் போல.

மறுநாள் வள்ளித்தாயைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரீசார்ஜ் பண்ண வருகிறவர்களிடம் எல்லாம், "ஏலே, ஒம் போன அடிச்சுக் காட்டு. ஆடு கத்துதா? கத்துச்சுன்னா உள்ள போயி மாத்திக்கிட்டு வா" என்றாள். ஒருத்தன் மாட்டேன் என்றான். "அப்ப ஒங்க ஆத்தா எந்த ரூம்ல வேல பாக்கான்னு சொல்லு" என்றாள். அவன் உள்ளே போனான்.

அதன்பிறகு புகழேந்தியே சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருக்கிற கடைக்காரர்களுக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டான். அவர்களுக்குள் இப்படிக் கொடுக்கல் வாங்கல் உண்டாம். கார்டு, லஞ்ச் ஒன்றும் கிடையாது. டீ மட்டும்தான்.

உனக்கு இதனால் ஏதும் வராதே?

அக்கா


சென்னை
2.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது.

மணி வைத்த டோன் சாத்தூரோடு நிற்கவில்லை. இலவசமாக டோன் கொடுக்கிற ஏதோ வெப்சைட்டில் எவனோ ஏற்றிவிட்டான். தீபாவளிக்கு முந்தின வாரம் எம்.டி. கூப்பிட்டார். மணியோடு இருக்கிற மூலச் சத்தம் நம் ஆபீசில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என்னிடம், நான்தான் கொடுத்தேன் என்றேன். நம் சரக்கை நீயே திருடிக் கொடுத்திருக்கிறாய் என்றார். ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் திரும்பவும் போன் எடுப்பதில்லை. சப்ளையர் கதை முடிந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? தீபாவளி முடிந்த மறுநாளே அந்த டோன் டாப் டென்னில் இல்லை. புதுப் படப் பாட்டுகள் வந்துவிட்டன. யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்காக உன் வேலை போனது, வள்ளித்தாய் அக்கா கை ஒடிந்தது. என் கையில் மிச்சம் இருப்பது ஒரு டப்பா நிறைய விசிட்டிங் கார்டு.

நம்மூரில் எல்லாப் போனிலும் என் வேலை இருக்கிறது. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
23.11.2008

தம்பி பாலகுருவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக ஒரு வரியும் வரவில்லை. எழுந்துவிட்டேன். உனக்கு வேலை போனதற்கு நான் காரணம் என்று அழுதேன். நீதான் காரணம் என்று உன்னைத் திட்டவும் செய்தேன். இரண்டும் நிஜம்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்துவிட்டார்கள். என்னை இன்னும் எடுக்கவில்லை. நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று நேற்றுக் காலை கம்பெனி வேனிலேயே ஏறிப் போனேன். முதலாளி கோபம் தணியட்டும், தை மாதம் வந்து பார் என்று சங்கையா அண்ணன் சொல்லிவிட்டார். போனது வீண். ஆனால் வேனில் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

பாதி வழியில் டிரைவர் போன் அடித்தது. அதே சைனா செட்டு. டங், டங், டங் என்று மூன்று தட்டு. யாரும் அசையவில்லை. கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வள்ளித்தாய் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மூன்றாவது தட்டு முடிவதற்குள் டிரைவர் போனை எடுத்துவிட்டான். வெடி வெடிக்கவே இல்லை.

முன் சீட்டில் வாட்ச்மேன் இருளாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். விருட்டென்று திரும்பினார். "ஏத்தா, நான் இங்கன உக்காந்திருக்கேன். அங்கன எம் மணிய அடிக்கிறது யாரு?" என்றார்.

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"என் தம்பி" என்றேன்.

அக்கா
மாரிசெல்வி